மழையைப் பார்த்து வழி போடுங்கள்

வியட்னாமுக்கு எந்த மாதம் போகலாம்? ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. ஒரு வாரப் பயணம் என்றால் பதில் சுலபம். மூன்று வாரம், முழு நாட்டையும் பார்க்க வேண்டும் என்றால், எந்த மாதத்தைச் சொன்னாலும் ஏதாவது ஓர் ஊரில் குடை பிடிக்கத்தான் வேண்டும்.

நாட்டின் அமைப்பு அப்படி. வடக்கே சீன எல்லையோரம் 3,100 மீட்டரைத் தாண்டும் ஃபன்சிப்பான் சிகரம். தெற்கே மேக்கோங் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் தாழ்வான வயல்வெளி. ஹனோய்க்கும் சைகோனுக்கும் (ஹோ சி மின் நகரை உள்ளூர்க்காரர்கள் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்) இடையே ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர். ஆனால் நடுவில் ஓரிடத்தில் நாட்டின் அகலம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். துவாஸிலிருந்து சாங்கி வரை போகிற தூரம்!

டிசம்பரில் ஹனோயில் குளிர் இருக்கும், பெரிய மழை இருக்காது. அதே வாரம் சைகோனில் மழைக்காலம் முடிந்து வெயில் அடிக்கும். சிக்கல் நடுவில் உள்ள ஹுவே, டா நாங், ஹோய் ஆன் பகுதியில்தான். அக்டோபரும் நவம்பரும் அங்கே கனமழை மாதங்கள். ஹோய் ஆன் பழைய நகரின் தெருக்களுக்குள் துபோன் ஆறு ஏறி வருவதும் கடைக்காரர்கள் சரக்கை மாடிக்குத் தூக்குவதும் அவர்களுக்குப் பழகிப்போன காட்சி. கிளந்தானிலோ திரங்கானுவிலோ உறவினர் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் கடலைத் தாண்டி வந்து மலையில் மோதுகிறது. ஜூன் விடுமுறையில் நிலைமை தலைகீழ். மேற்கே உள்ள மலைத்தொடர் தென்மேற்குக் காற்றின் மழையைத் தடுத்துவிட, நடுக்கரை காய்ந்து கிடக்கும். ஹனோயும் சைகோனும் நனையும்.

சீனப் புத்தாண்டு நீண்ட விடுமுறையோடு விடுப்பைச் சேர்த்துப் போகலாம் என்று இளையர்கள் சிலர் கணக்குப் போடுகிறார்கள். வியட்னாமியர்களின் டெட் புத்தாண்டும் அதே நாள்களில்தான் வரும். நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயிலில் படுக்கை கிடைக்காது, பல கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். ஊர் ஊராகச் சுற்றுவதற்கு அது மோசமான வாரம்.

சென்ற மாதம் என் அக்கா மகன் ஓர் அட்டவணையோடு வந்தான். டிசம்பரில் மூன்று வாரம். அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே என் அக்கா. அக்காவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அட்டவணையில் பதினோரு ஊர்கள்: ஹனோய், சாப்பா, ஹாலோங், நின் பின், ஹுவே, ஹோய் ஆன், நா டிராங், டா லாட், சைகோன், கன் தோ, பூ குவோக்.

“எதையும் விடவில்லை, சித்தி” என்றான் பெருமையாக.

“பெட்டியை எத்தனை தடவை கட்டப் போகிறாய், எண்ணிப் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

ஓர் ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குப் போவதை அட்டவணையில் ஒரு கோடாகப் போட்டுவிடலாம். நடைமுறையில் அறையைக் காலி செய்து, வண்டி பிடித்து, போய்ச் சேர்ந்து, புது அறைக்குக் காத்திருந்து முடிக்கும்போது அரை நாளாவது போய்விடும். பெரியவர் ஒருவரும் சிறு பிள்ளைகளும் இருந்தால் முழு நாள். பதினோரு ஊர் என்றால் இருபது நாளில் ஒரு வாரத்துக்கு மேல் வாகனத்துக்குள்ளேயே கழியும்.

முதலில் சாப்பாவை எடுத்தோம். அவன் கைத்தொலைபேசியில் காட்டிய படத்தில் மலைச்சரிவு முழுக்கப் பொன்னிறப் படிக்கட்டு வயல்கள். அது செப்டம்பர் மாத அறுவடைக் காட்சி. டிசம்பரில் வெறும் மண்ணும் பனிமூட்டமும்தான். வெப்பநிலையும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஹனோயிலிருந்து போக ஆறு மணி நேரம், திரும்ப ஆறு மணி நேரம், எதிரே இருக்கும் மலை தெரியாமல் போகக்கூடிய இரண்டு நாள். அக்காவின் முழங்காலுக்கு அது தேவையா? டா லாட், நா டிராங், பூ குவோக்கையும் விட்டோம். பூ குவோக்கை விடத்தான் பிள்ளைகள் ஒப்பவில்லை. கடற்கரைக்குப் பிந்தானோ தியோமானோ போதும் என்பது என் கட்சி.

மீதி ஏழு ஊர்கள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: மீ சன். நான்காம் நூற்றாண்டு தொடங்கிச் சாம்பா அரசர்கள் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிதும் சிதைந்து, மிஞ்சியது 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு செய்துகொண்டிருந்தபோது 2020இல் ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. இது இருப்பது ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், அதாவது மழை பெய்யும் நடுப்பகுதியில்.

வழிகாட்டி நூல்களைப் பார்த்து எல்லாரும் ஹனோயில் தொடங்கி வரைபடத்தில் நேராகக் கீழே இறங்குகிறார்கள். அப்படிப் போனால் டிசம்பர் நடுவில் ஹோய் ஆனில் நிற்போம். நாங்கள் வரிசையை மாற்றினோம். முதலில் தெற்கு, பிறகு வடக்கு, கடைசியில் நடு. டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே மழை குறையத் தொடங்கியிருக்கும். நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மழைச்சட்டை பெட்டியில் இருக்கட்டும்.

சைகோனில் மூன்று இரவு. பென் தான் சந்தைக்கு அருகில் நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே கைகூப்பி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்னாமியர்கள். கன் தோவில் இரண்டு இரவு. அங்குள்ள மிதக்கும் சந்தை, சாலைகள் வந்த பிறகு சுருங்கிவிட்டது. விடியும் முன் போனால்தான் சந்தை, எட்டு மணிக்குப் போனால் சுற்றுலாப் படகுகள்தான். கன் தோவிலிருந்தே ஹனோய்க்கு விமானம் உண்டு, சைகோனுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஹனோயில் நான்கு இரவு, ஹாலோங் படகில் ஒன்று, நின் பின்னில் மூன்று. அங்கிருந்து இரவு ரயிலில் ஹுவே, அங்கே இரண்டு இரவு. ஹோய் ஆனில் நான்கு. மொத்தம் இருபது. மழை ஒரு நாள் கெடுத்தாலும் மீ சன்னுக்கு இன்னொரு நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த நான்கு. திரும்புவது டா நாங்கிலிருந்து நேராக இங்கே. போகவும் வரவும் ஒரே நகரத்துக்கு விமானச் சீட்டு வாங்குவது மலிவுபோலத் தோன்றும். தொடங்கிய ஊருக்குத் திரும்பும் செலவையும் ஒரு நாளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இரவு ரயிலில் நான்கு படுக்கை அறையை எடுத்து, பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு பேருந்து வேண்டாம். பேருந்துகள் 2005இல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள் புகுந்துவிடும். ரயிலோ ஹாய் வான் மலையின் விளிம்பில் கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள்.

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. பணத்தில் ஓர் எச்சரிக்கை: 20,000 டோங் தாளும் 500,000 டோங் தாளும் இரண்டுமே நீலம். மங்கலான விளக்கில் டாக்சிக்காரரிடம் நீட்டும் முன் சுழியங்களை எண்ணுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். அங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் சைவம் இருப்பார்கள், நம் வீடுகளைப் போலவே. “சாய்” என்று பலகை போட்ட கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. மற்ற கடைகளில் வெறும் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். மீன் சாறு வேண்டாம் என்பதை அவர்கள் மொழியில் யாரையாவது எழுதித் தரச்சொல்லி தாளாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு தொனிகள் உள்ள மொழி அது. நாம் வாயால் சொன்னால் வேறு ஏதோ ஒன்று தட்டில் வரும்.