மாமா எண்டா எந்த மாமா?



இந்தக் கிழமைப் பகுதியில் மரபணுத் தரவை வாசிக்கிற ஏஐ கருவிகளைப் பற்றிக் கதைச்சம். ஒலிப்பதிவு முடிஞ்ச பிறகு எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம்: இனி ஜெனெடிக் கவுன்சிலிங் படிக்கிறதில் பிரயோசனம் இருக்கோ? கூட இருந்தவர் இல்லை எண்டார். எனக்கு உடன்பாடில்லை. மைக் நிப்பாட்டின பிறகு சொன்னதை இங்கே எழுதுறன்.

இது டொக்டர் படிப்பு இல்லை. இளங்கலைக்குப் பிறகு இரண்டு வருட முதுகலை. 1969இல் நியூயோர்க்கின் சாரா லோரன்ஸ் கல்லூரியில் தொடங்கினது. கனடாவில் மக்கில், யுபிசி, ரொறன்ரோ, மனிடோபா, மொன்றியல் என்று சில பல்கலைக்கழகங்களில்தான் இருக்கு, இடங்களும் கொஞ்சம்தான். மரபியல், நிகழ்தகவுக் கணக்கு, ஆட்களோடு கதைக்கும் பயிற்சி, பிறகு புற்றுநோய், கர்ப்பகாலம், குழந்தைகள் என்று கிளினிக் கிளினிக்காக அனுபவம். என் ஒன்றுவிட்ட தங்கச்சி இதுக்கு விண்ணப்பிக்கப் போறன் எண்டதும் பெரியம்மா கேட்டா: "மெடிசின் கிடைக்கேல்லையோ பிள்ளை?" அவள் மெடிசினுக்குப் போடவே இல்லை.

இந்த வேலையில் டெஸ்டுக்கு முதல் வாறது குடும்ப மரம். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துக்குள் கட்டினால் இரட்டைக் கோடு. ஒருத்தர் வந்து "என்ர அங்கிளுக்குத் தசைநோய்" எண்டு சொன்னால், எந்த அங்கிள்? டுஷென் தசைச் சிதைவு, ஹீமோபீலியா போல எக்ஸ் குரோமோசோம் வழியாக வாற நோய்களில் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்குது. அம்மாவின் தம்பி எண்டால் அம்மாவும் அந்த மாற்றத்தைக் காவலாம். சித்தப்பா எண்டால், அப்பாவுக்கு நோய் இல்லாதவரை அந்த வழியால் பிள்ளைக்கு வராது.

தமிழில் சித்தப்பாவுக்குத் தனிச் சொல் இருக்கு. ஆனா அம்மாவின் தம்பியும் மாமா, மாமியின் புருஷனும் மாமா. பின்னவர் எங்களுக்கு ரத்த உறவே இல்லாமல் இருக்கலாம். மாற்றுச் சம்பந்தம் செய்த வீட்டில் இரண்டும் ஒரே ஆள்! இதை எந்தப் படிவம் கேக்கும்?

அதைவிட முக்கியம், கேள்விக்கு வாற பதில். "நீங்கள் இருவரும் சொந்தமா?" எண்டு ஆங்கிலத்தில் கேட்டால், முறை மச்சாளைக் கட்டினவர் இல்லை எண்டே சொல்லக்கூடும். அவருக்கு அது முறையான கல்யாணம், சொந்தத்துக்குள் கட்டினது எண்டு மனசில் வராது. அந்தப் பதிலோட கணக்குப் போட்டால், எவ்வளவு நல்ல மொடலும் பிழையான விடையைத்தான் தரும். சொன்னால் இன்னொரு சிக்கல், பயம். அமெரிக்க மரபணு ஆலோசகர் சங்கம் 2002இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நேர் மச்சான் மச்சாள் கட்டினால் பிள்ளைக்குப் பாரதூரமான பிறவிப் பிரச்சினை வரும் வாய்ப்பு வழமையைவிட 1.7 முதல் 2.8 சதவீதம்தான் கூடுது. "ஒண்டும் வராது" எண்ட அம்மம்மாவும் சரியில்லை, "கட்டாயம் வரும்" எண்ட யூடியூப்காரரும் சரியில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோய் இருந்தால் இந்தக் கணக்கே மாறும்.

இனி ஏஐ. 2018 வரை நடந்த பெரிய மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளி. அதால எங்கட ரிப்போட்டுகளில் "பொருள் உறுதியில்லாத மாற்றம்" எண்ட வரி அடிக்கடி வரும். தெளிவாகத் தெரிஞ்சதிலும் சிக்கல் இருக்கு. எம்வைபிபிசி3 எண்ட இதய மரபணுவில் 25 எழுத்துகள் இல்லாத ஒரு மாற்றம் தெற்காசியரில் ஏறக்குறைய 100க்கு 4 பேரிடம் இருக்கெண்டு 2009இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்களும் மற்றவர்களும் எழுதினார்கள். இதயத்தசை நோயோடு தொடர்புடையது. ஆனா அதைக் காவுற பலருக்கு நோய் வாறதில்லை. இரவு பதினொரு மணிக்கு இதை ஃபோனில் வாசிக்கிற அப்பாவுக்கு ஒரு ஆள் வேணும்.

அந்த ஆள் தமிழராக இருக்கவேணும் எண்டு நான் சொல்லேல்லை. "நீர் ஆற்றை பிள்ளை?" எண்டு கேக்கிற ஊரில், தெரியாத வெள்ளைக்காரியிடம் வாய் திறக்கிறது லேசு எண்டு நினைக்கிறவை இருக்கினம். நியாயம்தான். கனடாவில் 2017இல் வந்த சட்டப்படி டெஸ்ட் முடிவைக் காட்டச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி வற்புறுத்த முடியாது. கல்யாணத் தரகருக்குத்தான் இன்னும் சட்டம் வரேல்லை. ஆனா தெரிவு இருக்கவேணும். இப்ப பல இடங்களில் அந்தத் தெரிவு, அம்மாவுக்குப் பக்கத்தில் உக்காந்து "கான்சர்" எண்டதைக் "கட்டி" எண்டு மாத்திச் சொல்ற பதினாலு வயசுப் பிள்ளைதான்.

பயோலஜியோ சைக்கோலஜியோ படிக்கிறவைக்கு: மார்க்ஸ் மட்டும் காணாது. ஹெல்ப்லைன் மாதிரி இடத்தில், ஆட்களின் கஷ்டத்தைக் கேட்டிருந்த அனுபவம் எதிர்பார்ப்பினம். விண்ணப்பங்கள் பொதுவாகக் குளிர்காலத்தில் முடியும், அதனால கோடையிலேயே தொடங்குங்கோ. இந்தப் படிப்பில் ஏற்கெனவே இருக்கிற ஆரும் இதை வாசிச்சால் பதில் போடுங்கோ. உங்களோட ஒரு முழுப் பகுதி செய்ய ஆசை.