பருப்பும் பற்று நோட்டும்

நம் அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டிலும் திருச்சுழிப் புஞ்சை விவசாயி வீட்டிலும் இன்று சோற்றுப் பானை காய்வதில்லை. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அக்கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் வயிறு நிறைவது வேறு. உடல் தேறுவது வேறு.

100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம் உண்டு; துவரம் பருப்பில் சுமார் 22 கிராம். குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ பருப்பு 30 ரூபாய்க்குத் தரப்படுகிறது. நால்வர் உள்ள வீட்டில் அதனைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஆளுக்கு 8 கிராமே வரும். மீதியைக் கடையில்தான் வாங்கியாக வேண்டும்.

எவ்வாறு வாங்குகிறோம்? தணிக்கைக்குச் சென்ற ஊர்களில் அந்தி வேளைகளில் கண்டிருக்கிறோம். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள். யாவும் பற்று நோட்டில் ஏறுகின்றன. சிறு பொட்டலமாக வாங்குவோர் எடைக்கு அதிக விலை தருகின்றனர். கடனுக்கு வாங்குவோர் பேரம் பேசும் உரிமையையும் இழக்கின்றனர். பணம் முட்டுப்படும்போது முதலில் குறைவது பருப்பே. இதனை இல்லத்தரசியரின் அறியாமை என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். கூலி துண்டு துண்டாக வரும் வீட்டில் சாமானும் துண்டு துண்டாகத்தானே வரும்?

மற்றொரு புறம் பாருங்கள். திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சைகளில் விளையும் பயறும் உளுந்தும் குதிரைவாலியும் அறுவடை விலைக்கே வியாபாரியிடம் போய்விடுகின்றன. விளைவித்தவரே பின்னர் அவற்றைப் பொட்டலமாக வாங்குகிறார். குதிரைவாலியை உலக்கையால் குத்தும் பாடு பெரிதென்பதால் அது நம் அடுப்பைவிட்டே அகன்றது. விளைவிப்போரும் உண்போரும் கூட்டுறவு அங்கத்தினரே. இருவருக்கும் இடையே ஒரு குறுகிய பேருந்துப் பயணமே உள்ளது.

1844இல் இங்கிலாந்தின் ராக்டேலில் நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கியது மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற ஒரு சிறு கடையே. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, கைக்காசு வியாபாரம் என்பன அவர்தம் கொள்கைகள். அதே வழியில் நாம் கூறுவது இதுதான்: விவசாயிகள் சங்கம் அறுவடையில் பயறு கொள்முதல் செய்யட்டும், நெசவாளர் சங்கம் கூலி வழங்கும் நாளிலேயே, அதே கூடத்தில், அரைக்கிலோப் பைகளாக ரொக்கத்திற்கு விற்கட்டும். சரக்கு வண்டடிக்கும், முதல் முடங்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே ஒரே பயறு, ஒரே பருவம் எனத் தொடங்குவோம். அது நிலைத்தபின் குதிரைவாலிக்கு உமி நீக்கும் இயந்திரம் பற்றி யோசிக்கலாம்.

அங்கத்தினர்களே! அடுத்த பேரவைக் கூட்டத்தில் பங்கு ஈவைப் பற்றிக் கேட்பதோடு நில்லாது, பருப்பைப் பற்றியும் எழுந்து கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்து வாருங்கள். கணக்கு அவர்களுக்கே நன்கு தெரியும்.