காதைத் திருகிய கை

போன மாதம் கூரியர் பையன் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்தேன். உள்ளே தீப்பெட்டி கனத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இரும்பு உருளை, முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு தண்டு, பின்னால் கலர் கலராக ஒயர்கள்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"என்கோடர்."

"என்ன பண்ணும்?"

"திருகினா எண்ணும்."

"ஆயிரத்து நூறு ரூபா கொடுத்து எண்ணறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? மாசக் கடைசி. பர்ஸ்ல இருக்கறதை எண்ணுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்!"

நியாயமான பேச்சுதான். பதில் சொல்ல 1991-க்குப் போகவேண்டும். அப்போது நான் சிதம்பரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது வீட்டுக்குச் சொன்ன கணக்கு. உண்மையில் மாலை நேரங்களில் தெற்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த வீடியோ கேம்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ரூபாய் போட்டால் ஓர் ஆட்டம். ஆட்டத்தின் பெயர் அர்க்கனாய்டு. ஜப்பானின் டைட்டோ கம்பெனி 1986-ல் கொண்டுவந்தது. கீழே ஒரு மட்டை, மேலே செங்கல் செங்கலாகச் சுவர், நடுவில் ஒரு பந்து. பந்தைத் தவற விடாமல் சுவரை இடிக்கவேண்டும். 33 ரவுண்டு. நான் 11-ஐத் தாண்டியதில்லை. ஏனென்றால் 11-வது ரவுண்டில் ஒருநாள் என் இடது காது பின்பக்கமாகத் திருகப்பட்டது. திரும்பினால், சித்தப்பா!

சித்தப்பா லேத் பட்டறையில் டர்னர். கை முழுக்க ஆயில் வாசனை. காதை விடாமலே, இன்னொரு கையால் அந்த மிஷினின் குமிழை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் என்னை வீதியோடு இழுத்துக்கொண்டு போனார். அந்தக் குமிழுக்குப் பெயர் ஸ்பின்னர். அதைத்தான் முப்பது வருஷம் கழித்து வீட்டில் செய்ய உட்கார்ந்தேன்.

ஆட்டம் கிடைப்பது பிரச்னையே இல்லை. 1997-ல் நிக்கோலா சல்மோரியா என்கிற இத்தாலிக்காரர் ஆரம்பித்த 'மேம்' என்ற இலவச ப்ரோகிராம், பழைய கடை மிஷின்களைக் கம்ப்யூட்டரில் உயிரோடு எழுப்பிவிடும். (ஆட்டங்களின் காப்புரிமை தனி விஷயம், அதில் ஜாக்கிரதை.) பிரச்னை கையில்தான். கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டி அர்க்கனாய்டு ஆடுவது, ஸ்பூனால் கொத்சு சாப்பிடுவது மாதிரி. வயிறு ரொம்பும், மனசு ரொம்பாது.

சரி, குமிழ் எப்படி வேலை செய்கிறது? 1972-ல் வந்த பாங் ஆட்டத்தின் குமிழ் நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டருக்குச் சொந்தக்காரன். உள்ளே ஒரு மின்தடை. இந்தக் கோடியில் முட்டும், அந்தக் கோடியில் முட்டும். 1976-ன் பிரேக்அவுட்டும் அதே ஜாதி. (அதன் மாதிரி போர்டை நாலு ராத்திரி தூங்காமல் போட்டவர் ஸ்டீவ் வாஸ்னியாக், வேலையைப் பிடித்து வந்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ்.) 1981-ல் அட்டாரியின் டெம்பஸ்டில் இருந்த ஸ்பின்னருக்கு முட்டலே கிடையாது. சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

முட்டல் இல்லாத குமிழ் எங்கே நிற்கிறது என்று மிஷினுக்கு எப்படித் தெரியும்? தண்டில் ஒரு தட்டு. தட்டில் வரிசையாகச் சன்னல்கள். ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் இரண்டு கண்கள். சன்னல் கடக்கக் கடக்கக் கண்கள் எண்ணும். பழைய பந்து மவுஸைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டு ஞாபகமிருக்கும்.

எதற்கு இரண்டு கண்? கடலூரில் பாசஞ்சர் ரயிலேறித் தூங்கிவிட்டீர்கள். விழித்துப் பார்த்தால் ஆலப்பாக்கம், அடுத்தது புதுச்சத்திரம் என்றால் சிதம்பரம் போகிறீர்கள். புதுச்சத்திரம் முதலில் வந்து பிறகு ஆலப்பாக்கம் என்றால், சிதம்பரத்தைக் கோட்டைவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான். எந்தக் கண் முதலில் வெளிச்சம் பார்த்தது என்பதை வைத்துத் திசை தெரியும். ஒவ்வொரு சன்னலிலும் இரண்டு கண்ணும் திறப்பது, மூடுவது என்று நாலு சம்பவம். ஆகவே 600 சன்னல் என்றால், ஒரு சுற்றுக்கு 2400 எண்ணிக்கை.

என் டப்பாவில் வந்தது இந்த 600 ரகம். தொழிற்சாலை மிஷின்களுக்காகச் செய்தது. இங்கிலாந்தின் அல்டிமார்க் கம்பெனி ஆட்டத்துக்கென்றே செய்யும் ஸ்பின்ட்ராக் ஒரு சுற்றுக்கு 1200 எண்ணும். "அவன் 1200, நான் 2400, விலையும் கம்மி" என்று ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். மஞ்சக்குப்பம் டீக்கடை வரை செய்தி பரவியது.

ஆர்டுயினோ லியனார்டோ என்ற சின்ன போர்டில் ஒயர்களை இணைத்து, அது தன்னை ஒரு மவுஸ் என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி ப்ரோகிராம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். மெதுவாகத் திருப்பினால் மட்டை அழகாக நகர்ந்தது. பந்து வேகம் பிடித்தது. குமிழை வலது பக்கம் வேகமாக ஒரு சுண்டு சுண்டினேன். மட்டை இடது பக்கம் ஓடியது!

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, உன் மிஷினுக்கு ரிவர்ஸ் கியர் சூப்பரா இருக்கு!"

சினிமாவில் வண்டி வேகமாகப் போகும்போது சக்கரம் பின்னால் சுற்றுவதுபோலத் தெரியுமே, அந்த ஜாதி வியாதி. ராத்திரி பன்னிரண்டு மணி வரை காகிதத்தில் கணக்குப் போட்டதில் விஷயம் பிடிபட்டது. செகண்டுக்குப் பத்து சுற்று என்றால் 24,000 எண்ணிக்கை. என் ப்ரோகிராம் செகண்டுக்கு 125 தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்கிறது. தடவைக்கு 192. ஆனால் நான் பயன்படுத்திய மவுஸ் கட்டளை ஒரு தடவைக்கு 127 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் கணக்கு சுற்றிக்கொண்டு மைனஸில் விழும். 192 என்பது மைனஸ் 64 ஆகிவிடும். மட்டை பின்னால் ஓடாமல் என்ன செய்யும்? செகண்டுக்கு 1000 தடவை தகவல் அனுப்பும்படி மாற்றினேன். தடவைக்கு வெறும் 24. வியாதி போச்சு.

இன்னொரு ஞானமும் வந்தது. அர்க்கனாய்டின் திரை அகலம் 224 புள்ளிதான். ஒரு சுற்றுக்கு 2400 எண்ணினாலும் மட்டைக்குப் போக இடமில்லை. 'மேம்' செட்டிங்கில் வேகத்தைக் குறைத்துத்தான் ஆடவேண்டும். எண்ணிக்கை ஜாஸ்தி இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை. கம்மியாக இருந்து பெருக்கினால் மட்டை நாலு புள்ளி, ஐந்து புள்ளியாகத் தாவும். நடுவில் பந்து நழுவிவிடும். 1200-ம் 2400-ம் இந்த ஆட்டத்தில் ஒன்றுதான். பெருமை அடித்ததெல்லாம் வீண்.

அப்படியும் ஏதோ குறை. கடைக் குமிழைத் தட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். இது, ஆபீஸ் ஃபைல் மாதிரி தள்ளினால்தான் நகர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரம் போகவேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு எழுபத்தொன்று. பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் கையைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்ன பயிற்சி எதுவும் செய்வதில்லை. சாப்பாடு இடது கையால் ஸ்பூனில். கொல்லைப்புறம் இருந்த சின்ன லேத் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. "இனிமே எதுக்குடா?" என்பதுதான் எதற்கும் பதில். சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தை பேசிப் பாரேன்" என்று கண் கலங்கினாள்.

எனக்குப் பேச வரவில்லை. பையிலிருந்து என்கோடரை எடுத்து மடியில் வைத்தேன். இடது கையால் தண்டைச் சுற்றினார்.

"கிரீஸ் கெட்டியா இருக்கு. சீலும் பிடிக்குது. இது மிஷினுக்குச் செஞ்சது, விரலுக்கு இல்ல."

"ஒரு சுற்றுக்கு 2400 எண்ணும் சித்தப்பா."

"எண்ணட்டுமே. லேத் டயல்ல கோடு நெருக்கமா இருந்துட்டா வேலை சுத்தமாயிடுமா? ஸ்க்ரூவுல பிளே இருந்தா கோடு பொய் சொல்லும்டா. தலைக்கு என்ன மாட்டியிருக்கே?"

பிளாஸ்டிக் ரேடியோ குமிழைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார். "கனமே இல்லியே! தேர் ஏன் ஓடுது? கனம். ஏன் நிக்குது? முட்டுக்கட்டை. கனம் இருந்தாத்தான் தட்டினா ஓடும்."

கொஞ்ச நேரம் தண்டையே பார்த்தார். அப்புறம் எழுந்து கொல்லைப்புறம் போனார். சாக்கை இழுத்தது இடது கை. சக் சாவியைப் பிடித்தது வலது கை. வலித்திருக்கவேண்டும், பல்லைக் கடித்தார். ஆனால் விடவில்லை. பித்தளையில் ஒரு குமிழ், அலுமினியத்தில் ஒரு குமிழ். 6 மில்லி துளை, பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சித்தி வாசற்படியில் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

கிரீஸைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டினோம். பித்தளை, அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு கனம். தட்டினால் ஓடிக்கொண்டே இருந்தது. டெம்பஸ்டுக்கு அதுதான் சரி. அர்க்கனாய்டுக்கு அலுமினியம். நினைத்த இடத்தில் நிற்கும். ஆக, வாங்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு: எண்ணிக்கையை மூன்றாவதாகப் பாருங்கள். முதலில் பேரிங், அடுத்தது குமிழின் கனம்.

பழைய லேப்டாப்போடு ஸ்பின்னரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். "சும்மா கைக்குப் பயிற்சி" என்றேன். "இந்தப் பொம்மை வேலையெல்லாம் எனக்கு எதுக்குடா?" என்றார்.

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு போன். சித்தி. "உங்க சித்தப்பா சாப்பிடவே வரமாட்டேங்கறார்டா. மூணு தடவை கூப்பிட்டாச்சு."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். பின்னணியில் டொக் டொக்கென்று செங்கல் உடைகிற சத்தம்.

"சித்தப்பா, எந்தக் கையிலே ஆடறீங்க?"

"சோத்துக் கைதான். பேசாதே, பன்னண்டாவது ரவுண்டு!"

11-ஐத் தாண்டிவிட்டார். அடுத்த வாரம் நேரில் போய், பின்பக்கமாக நின்று, அவர் காதைத் திருகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.