கடைசி வண்டி வீடு திரும்பவில்லை

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தில்லியின் வடக்கு எல்லைப் பக்கம் சென்றவர்களுக்கு அக்காட்சி புதிதல்ல. பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். வங்கி அதிகாரி, கணினிப் பொறியாளர், ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார், கரோல் பாகில் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர் என, வேறு எந்த வகையிலும் ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்கள் அவற்றின் அருகே தேநீர் அருந்திக்கொண்டிருப்பார்கள். முர்தல் வரை சென்று, தாபாவில் வெண்ணெய் வழியும் பராட்டா தின்றுவிட்டு, பத்து மணிக்குள் வீடு திரும்புவார்கள். ஆண்டுக்கொரு முறை விடுப்பெடுத்துக்கொண்டு மணாலி வழியாக லே வரை செல்வதும் உண்டு. அவர்களது வண்டிகளில் பல சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உருவானவை என்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிறு பெருமை. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் இல்லாத வாரங்களில் நானும் அந்த வரிசையில் இருப்பேன்.

வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னே செல்பவருக்கு வழி தெரிந்திருந்தால் போதும். கடைசியில் வருபவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான், கிளட்ச் கம்பி, முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரிடம்தான். யார் பின்தங்கினாலும் அவர் நின்றாக வேண்டும். சாலையில் பள்ளத்தைக் கண்டால் முதல் ஆள் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்டுவார். அதைப் பார்த்து அடுத்தவர் தம் காலை நீட்டுவார். இப்படியே அந்த எச்சரிக்கை கடைசி வண்டி வரை போய்ச் சேரும். எங்கள் குழுவின் கடைசி வண்டிக்காரர் கடுவாலைச் சேர்ந்தவர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவு அலுவலர், ஐம்பது வயதை நெருங்கியவர். 11 ஆண்டுகளில் ஒருவரைக்கூட அவர் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், சொந்த ஊருக்குப் போய்விட்டு அவர் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணி இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த ஓரிடத்தில் நேர்ச்சாலை திடீரென்று முடிந்து, பக்கத்துச் சிறுசாலைக்குத் திரும்புகிறது. திரும்ப வேண்டும் என்று சொல்லப் பலகை இல்லை, விளக்கு இல்லை, ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டைகூட ஒட்டாத கான்கிரீட் தடுப்பு குறுக்கே கிடந்தது. அவர் தரமான தலைக்கவசம் அணிந்திருந்தார். குடித்திருக்கவில்லை. பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் சொன்னபடி, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் இராது. அந்த ஓட்டுநரே அவரைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையைத் தேடி ஓடினார். பாதி வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

நிகம்போத் கட்டத்தில் நடந்த தகனத்துக்கு வேறு மூன்று குழுக்களைச் சேர்ந்தவர்களும் வந்திருந்தனர். அவர்களில் பலர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. விளக்குகளில் கறுப்புத் துணி கட்டி, இயந்திரத்தை அணைத்து, வண்டிகளைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மறைந்தவருக்காக வரிசையின் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டுச் செல்வது இவர்களிடையே மரபு. ஆனால், கடைசி இடத்தைக் காலியாக விட்டால் அது யார் கண்ணுக்குத் தெரியும்? யாரோ ஒருவர் அவரது கருவிப் பையைத் தம் வண்டியில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

அன்று மாலை இளைஞர் ஒருவர் அவருடைய மனைவியிடம், 'பாபிஜி, தமக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே பாயி சாஹிப் போய்விட்டார்' என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளிடையே ஒருவர் இறந்தால் தவறாமல் சொல்லப்படும் வாக்கியம் அது. நானும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'வீடு திரும்புவதும் அவருக்குப் பிடிக்கும், பேட்டா' என்றார்.

அந்த மறுமொழிக்குப் பின் பழைய வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை. பிடித்ததைச் செய்துகொண்டே இறந்தார் என்று நாம் சொல்லிவிட்டால் சாலை போட்டவரும் பலகை வைக்காதவரும் வைத்தாரா என்று பார்க்காதவரும் விடுபட்டுவிடுகிறார்கள். சில சமயங்களில் நம் கூட்டத்தாரும் விடுபட்டுவிடுகிறோம். 2023 மே மாதம் யமுனை விரைவுச்சாலையில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முயன்றதாகச் சொல்லப்பட்ட ஓர் இளைஞர் மாண்டார். அவர் வேகத்தைக் கண்டு அதுவரை கைதட்டியவர்களும் அஞ்சலியில் இதே சொற்களைத்தான் எழுதினார்கள்.

ஜெய்ப்பூரைச் சேர்ந்த வீணு பாலிவாலின் மரணமும் நினைவுக்கு வருகிறது. ஹார்லி டேவிட்சன் வண்டியில் நாட்டைச் சுற்றிவந்துகொண்டிருந்த அவர், 2016 ஏப்ரல் 11 அன்று மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டத்தில் வண்டி சறுக்கி உயிரிழந்தார். வயது 44. முதலில் சிற்றூர் மருத்துவமனைக்கும், அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கும் கொண்டு செல்லப்பட்டார். அவரால் 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட முடியும் என்று செய்திகள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சாலை எப்படி இருந்தது என்று எங்கும் படித்ததாக நினைவில்லை.

எங்கள் நண்பர் விஷயத்தில் முதல் தகவல் அறிக்கை நான்கே வரிகள். இறந்தவர் அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டி, தாமே தடுப்பில் மோதினார் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே, மாண்டவரும் அவரே என்பதால் வழக்கு தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிட்டது. அந்த நான்கு வரிகளின் விலை பெரிது. வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாத நிலையில், வண்டி உரிமையாளருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடான 15 லட்சம் ரூபாய் மட்டுமே குடும்பத்துக்கு எஞ்சும். அதற்கு மேல் எதையும் கோரினால், சாலையின் குறையைத் தனி வழக்கில் மெய்ப்பித்தாக வேண்டும். மெய்ப்பிப்பதற்குச் சான்று சேகரித்திருக்க வேண்டிய காவல் நிலையமோ, எழுதியது இவ்வளவுதான்.

மத்திய அரசின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள் 74,897 பேர். எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட உயிரிழப்புகளுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை. நாடெங்கிலுமுள்ள காவல் நிலையங்களில் எழுதப்படும் இத்தகைய நான்கு வரிகளைக் கூட்டித்தான் இந்த விழுக்காடு வருகிறது என்பதை அறிக்கையைப் படிக்கும் உறுப்பினர்கள் மனத்தில் கொள்வது நல்லது. அதிவேகம் கொல்வதில்லை என்று சொல்ல வரவில்லை. தலைக்கவசம் அணியாததால் அவ்வாண்டு 50,029 பேர் மாண்டதாகவும் அறிக்கை கூறுகிறது. அபராதம் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ரயில் தடம் புரண்டால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிக்கிறார். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். தவறு செய்திருக்கக்கூடிய துறையே தன்னை விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் 1956இல் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை இன்றும் மேடைதோறும் நினைவுகூர்கிறோம். சாலையில் மாண்டவனுக்கு அப்படி ஓர் ஆணையரும் இல்லை, பதவி விலக ஒருவரும் இல்லை.

மாண்டவர் யார் என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே பதவியேற்ற எட்டாம் நாள், 2014 ஜூன் 3 அன்று தில்லிச் சாலைச் சந்திப்பில் நேர்ந்த விபத்தில் காலமானார். புதிய மக்களவை மறுநாள் கூடி, அவருக்கு அஞ்சலி செலுத்தி ஒத்திவைக்கப்பட்டது. விபத்தை மத்தியப் புலனாய்வுத் துறையே விசாரித்தது. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்டபோது நிபுணர்கள் அந்தப் பாலத்தின் வடிவமைப்பையே ஆராய்ந்து குறை கண்டனர். இவை தவறென்று சொல்லவில்லை. விசாரிக்க நமக்குத் தெரியும் என்பதற்கு இவையே சான்று.

சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. மோட்டார் வாகனத் திருத்த மசோதா 2019இல் நிறைவேறிய விதத்தைச் செய்தியாளர் மாடத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாநிலங்களவை ஜூலை 31 அன்று 108க்கு 13 என்ற வாக்குகளில் அதை நிறைவேற்றியது. அங்கே செய்யப்பட்ட திருத்தத்தால் மக்களவைக்குத் திரும்பி, ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் நிறைவேறியது. காஷ்மீர் பற்றிய அறிவிப்பு வெளியான நாள் அது. மோட்டார் வாகனத்தைப் பற்றி எழுத எங்களில் யாருக்கும் அன்று இடமுமில்லை, பொழுதுமில்லை. பின்னர், தலைக்கவச அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது மட்டும் ஊரெங்கும் பேசப்பட்டது. 198-ஏ என்ற புதிய பிரிவை யாரும் பேசவில்லை. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாததால் உயிர் போனால், பொறுப்பானவருக்கு அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. உச்ச அளவு ஒரு லட்சம் ரூபாய். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் ஒப்பந்தங்களில் இத்தொகை எந்தக் கணக்கிலும் கண்ணில் படாது. அதையேனும் விதிக்க வேண்டுமானால், விதி மீறப்பட்டது என்று யாராவது முதலில் எழுத வேண்டுமே!

விதிகளுக்குக் குறைவில்லை. பணி நடக்கும் சாலைகளுக்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. பணியிடத்துக்கு வெகு முன்பே எச்சரிக்கைப் பகுதி தொடங்க வேண்டும் என்கிறது அது. விபத்து நடந்த இடத்திலேயே விவரங்களைப் பதிவு செய்யும் கணினி முறையைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கித் தந்திருக்கிறது. தனி வாரியம் வேண்டும் என்று சுந்தர் குழு 2007இலேயே பரிந்துரைத்தது. 2021இல் அதற்கான அறிவிக்கை வெளியானது. அந்த வாரியத்தை உண்மையில் அமைக்க, 2025இல் உச்ச நீதிமன்றம் ஆறு மாத அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் ஏழு நாள்களில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமின்றிச் சிகிச்சை என்ற திட்டமும் அந்நீதிமன்றம் வற்புறுத்திய பிறகே அவ்வாண்டு மே மாதம் வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன்.

வேண்டியது ஒரு சொல் மாற்றம். விபத்துகளின் காரணத்தை ஆழ்ந்து ஆராயும் திட்டங்களை அரசு 'வகுக்கலாம்' என்கிறது சட்டத்தின் 135ஆவது பிரிவு. நாடாளுமன்றச் செய்தி சேகரிப்பவனுக்கு இந்த 'லாம்' விகுதியின் அர்த்தம் நன்கு தெரியும். அதை 'வகுக்க வேண்டும்' என்றாக்கி, சாலைத் துறைக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பிடம் விசாரணையை ஒப்படைத்து, அறிக்கைகளை இரு அவைகளிலும் வைக்கலாம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்களை எப்படி விசாரிப்பது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். பணி நடக்கும் நெடுஞ்சாலைகளிலிருந்து தொடங்கட்டும். இப்போதைய விதிப்படி, 500 மீட்டர் தொலைவுக்குள் மூன்றாண்டுகளில் ஐந்து பெரும் விபத்துகளோ பத்து உயிரிழப்புகளோ நேர்ந்தால்தான் அது அபாய இடமாகக் கருதப்படும். மேம்பாலப் பணிக்காகப் போட்ட தற்காலிகத் திருப்பம் மூன்றாண்டுகள் இருப்பதில்லை. அங்கே மாள்பவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதே இல்லை.

மூன்று வாரங்கள் கழித்து நாங்கள் அளவு நாடாவோடு அங்கே போனோம். தடுப்பில் புத்தம் புதிய சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தது. நூறு மீட்டர் முன்னால் பலகையும் இருந்தது. எப்போது வைத்தார்கள் என்று கேட்டதற்கு, எப்போதும் இருப்பதுதான் என்றார் காவலாளி. குடும்பத்தார் தொடுத்திருக்கும் வழக்கில் இப்போது ஒரே சான்று, அந்த இரவில் லாரி ஓட்டுநர் தம் கைபேசியில் எடுத்த படம். பட்டையில்லாத தடுப்பு அதில் தெளிவாகத் தெரிகிறது. காயமுற்றவருக்கு உதவியவரைப் பெயர் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. ஆனாலும் சாட்சி சொல்ல வருவதாக அவரே சொல்லியிருக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். விசாரணை நாளன்று நாசிக்குக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கிறதாம். தேதியைச் சற்றுத் தள்ளிக் கேட்க முடியுமா என்றார்.