பேஸ் கிட்டார் கேக்குதா, இல்லையா?

ராக், மெட்டல் ஆல்பங்களுக்குத் தமிழில் விமர்சனம் எழுதும் சார்களுக்கு, ஆத்தூரிலிருந்து ஒரு ரேடியோ செட்டுக்காரன் வணக்கத்தோடு எழுதுவது.

கோயில் நோம்பி, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஆம்ப்பையும் பாக்ஸையும் ஏற்றிக்கொண்டு பெத்தநாயக்கன்பாளையத்துக்கும் தலைவாசலுக்கும் நடுவே சுற்றுவது என் பிழைப்பு. நடுராத்திரி செட்டைக் கழற்றி டெம்போவில் போட்டபிறகு, சேகோ மில் வாடை அடிக்கும் ரோட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெட்டல் கேட்பேன். இருபது வருஷப் பழக்கம். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு பேலஸ் மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். மேடையைப் பார்த்ததைவிட, அவ்வளவு பெரிய பாக்ஸ் வரிசையை எப்படித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்ததுதான் அதிகம். தொழில் புத்தி.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாள் முன்னால் ஒரு பத்திரிகையில் புது ஆல்பம் ஒன்றுக்கு விமர்சனம் வந்தது. பாடகர் ஐ.டி. வேலையை விட்டது, அப்பா பேசாமல் இருந்தது, முடி வளர்த்த கதை, சமூகத்தின் மீது அவருக்கு உள்ள கோபம், எல்லாம் விலாவாரியாக இருந்தது. கடைசியில் ‘காதைப் பிளக்கும் கிட்டார்’ என்று ஒரு வரி. ஆசையாக வாங்கிக் கேட்டேன். முதல் இரண்டு பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டாரே கிடையாது, வெறும் மரக் கிட்டார்தான். மூன்றாவது பாட்டில் கிக் டிரம் பஞ்சு மூட்டையை உதைத்த மாதிரி அமுங்கிக் கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எழுதியவர் ஆல்பத்தைக் கேட்டாரா, பாடகரிடம் போனில் பேசினதோடு சரியா என்பதுதான் என் சந்தேகம்.

நல்லதாக எழுதுங்கள் என்று கேட்கவில்லை. திட்டுங்கள், ஆனால் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். 1970-ல் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்தபோது, ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ் அதைப் போட்டுச் சாத்தினார். க்ரீம் என்ற குழு செய்ததை இவர்கள் மட்டமாகச் செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. மெட்டலே அந்த ஆல்பத்தில் பிறந்தது என்று இன்றைக்கு உலகம் சொல்கிறது, அவர் கணக்கு தப்பிப்போச்சு. ஆனாலும் யாரோடு ஒப்பிட்டார், எது பிடிக்கவில்லை என்று வாசித்தவனுக்குத் தெரிந்தது. அவரோடு சண்டைக்குப் போகலாம். உங்களோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

பிளாக் சப்பாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி பர்மிங்காமில் தகரப் பட்டறையில் வேலை பார்த்தவர். மெஷினில் வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டார். அழுத்தச் சுலபம், சத்தமும் கனத்துப்போனது. இந்தக் கதையையும் நீங்கள் எழுதுவீர்கள், விரல் போனதோடு நிறுத்திக்கொள்வீர்கள். தளர்ந்த கம்பி பாக்ஸில் என்ன செய்கிறது என்பதல்லவா எனக்கு வேண்டியது!

மெட்டாலிகா ரசிகர்களைப் பாருங்கள். 1988-ல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் கிட்டார் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2003-ல் ‘செயின்ட் ஆங்கர்’ வந்தபோது சண்டையெல்லாம் ஸ்னேர் டிரம்மைப் பற்றித்தான். எண்ணெய் டின்னைத் தட்டுவது போலிருக்கும், கேட்டால் நீங்களே சொல்வீர்கள். 2008-ல் ‘டெத் மேக்னடிக்’ சத்தத்தை ஒரேயடியாக ஏற்றிப் பதிவு செய்யப்பட்டிருந்தது. அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் அவ்வளவு நசுக்காமல் வந்தன. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு, ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்யச் சொல்லிக் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். இது எனக்கு உடனே புரிந்தது. ஆம்ப்பில் சிவப்பு லைட் எரிய எரிய வால்யூமை ஏற்றச் சொல்லும் விழாக் கமிட்டிக்காரரை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். லைட் விடாமல் எரிந்தால் பாட்டின் தலை வெட்டுப்படும், கரகரக்கும், கடைசியில் என் பாக்ஸில் காயில் கருகும். காயில் கட்டுகிற காசு அவர் தரமாட்டார்.

நம் ஆட்கள் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா குழுவில் பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பவர் கதிர். 1998-ல் முதல் ஆல்பம். டெத் மெட்டலுக்குள் வேதாந்தமும் சமஸ்கிருதமும் கலந்தவர்கள். அவர்களைப் பற்றி யார் எழுதினாலும் வேதாந்தம் முக்கால் பக்கம், டெத் மெட்டல் கால் வரி. தில்லியின் பிளடிவுட் 2022-ல் ‘ரக்ஷக்’, 2025-ல் ‘நூ டெல்லி’ வெளியிட்டார்கள். ‘இந்திய நாட்டுப்புறமும் மெட்டலும் கைகோத்தன’ என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். டோல் அடியும் கிக் டிரம் அடியும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் விழும் வாத்தியங்கள். ஒன்றை ஒன்று விழுங்காமல் மிக்ஸரில் எப்படிப் பிரித்தார்கள், எங்கே பிரிக்காமல் கோட்டை விட்டார்கள்? எங்கள் ஊர்ப் பண்டிகையில் பறையும் பேண்டு செட்டும் ஒன்றாக வந்து நின்றால் எனக்கு வருகிற அதே தலைவலி சார் அது.

‘தொண்டை கிழியக் கத்துகிறார்’ என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். தொண்டை கிழிந்தால் அடுத்த நாள் மேடையில் ஏற முடியாது. குரல் நாணுக்கு மேலே இருக்கும் மடிப்பை அதிரவிட்டு எழுப்புகிற சத்தம் அது, பழகினால்தான் வரும். உறுமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருமே, அந்த முனகல் தெரிந்தவனுக்கு இது ஒன்றும் பேய்ச் சத்தம் இல்லை.

தமிழில் காதால் எழுத ஆளில்லை என்று சொல்லிவிட முடியாது. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதினார். சுப்புடு 2007-ல் காலமாகும் வரை வித்வான்களுக்குச் சிம்ம சொப்பனம். சுருதி விலகினால் விலகியது என்று எழுதினார்கள், வித்வானின் குடும்பக் கதையைப் போட்டுப் பக்கம் ரொப்பவில்லை. சபாவுக்கு அந்தக் காது போதும், டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு மட்டும் எதற்கு அனுதாபம்? பையன்கள் பாவம், முதல் ஆல்பம் என்கிறீர்கள். பாவம் பார்க்கிறது சரி. மிக்ஸ் சரியில்லை என்று யாரும் சொல்லாததால் இரண்டாவது ஆல்பத்திலும் அந்த கிக் டிரம் அப்படியே அமுங்கிக் கிடக்கும், பரவாயில்லையா?

ஆகையால் அடுத்த ஆல்பத்துக்கு எழுதும்போது எதில் கேட்டீர்கள் என்று முதலில் போடுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் போடுங்கள், நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். பேஸ் கிட்டார் கேட்கிறதா, எத்தனையாவது பாட்டில் அலுத்தது, எதைத் திரும்பப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். பாடகருடைய அப்பா இப்போது பேசுகிறாரா என்பது வீட்டுச் சமாசாரம்.

ஆடி முழுக்க எனக்குச் செட் வெளியேதான் இருக்கும், எதையும் படிக்க நேரமிருக்காது. ஆவணியில் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ரேடியோ செட்டுக்காரன்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.