‘ஜீரோ நாலெட்ஜ்’: ஒரு பெயரின் சீரழிவு

‘ஜீரோ நாலெட்ஜ்’ என்னும் சொற்சேர்க்கை பிளாக்செயின் வணிகர்களின் நாவில் படும் பாட்டைக் கண்டு சும்மாயிருக்க நம்மால் இயலவில்லை. கணிதம் உங்கள் துறையன்றே எனச் சிலர் முகம் சுளிக்கலாம். சொல் நம் துறைதான்.

1985-இல் கோல்ட்வாஸர், மிக்காலி, ரேக்காஃப் மூவரும் ஒரு கட்டுரையில் இக்கருத்தை முன்வைத்தனர். ஒரு கூற்று உண்மையென மெய்ப்பிக்கலாம். அது உண்மை என்பதற்கு மேல் எதிரிலிருப்பவருக்கு எதுவும் தெரியவராது. இரகசியத்தை வெளியிடாமலே, அது தன்னிடம் உண்டென்று ஒப்புக்கொள்ள வைக்கும் வித்தை. 2016-இல் வந்த ஜீகேஷ் நாணயம், அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றையும் மறைக்க இவ்வித்தையைக் கையாண்டது. அங்கே பெயரும் பொருளும் பொருந்தின.

எத்தீரியத்தை விரிவாக்க வந்திருக்கும் ‘ஜீரோ நாலெட்ஜ் ரோலப்’களில் நடப்பது வேறு. எத்தீரியத்தில் ஒவ்வொரு ஸ்மார்ட் ஒப்பந்தத்தையும் வலைப்பின்னலின் ஒவ்வொரு கணினியும் தானே இயக்கிச் சரிபார்க்கிறது. ஆயிரம் விடைத்தாள்களையும் முகாமிலுள்ள ஒவ்வோர் ஆசிரியரும் திருத்தியாக வேண்டுமென்று பல்கலைக்கழகம் ஆணையிட்டாற்போல. (ஆணையிடாது என்பதற்கு உத்தரவாதமில்லை.) ஆகவேதான் 2015-இல் தொடங்கிய அது நெடுங்காலம் வினாடிக்குச் சுமார் 15 பரிவர்த்தனைகள் என்ற அளவிலேயே தவழ்ந்தது. ரோலப்போ கணக்கை வெளியே மொத்தமாக முடித்து, சரியாகச் செய்ததற்கான சிறு சான்றைச் சங்கிலிக்கு அனுப்புகிறது. சான்றைச் சரிபார்ப்பது எளிது. மெச்சத்தக்க ஏற்பாடே. ஆனால் இங்கே பயன்படுவது சான்றின் சுருக்கம். மறைக்கும் ஆற்றலுக்குப் பெரும்பாலான ரோலப்களில் வேலையே இல்லை. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினர் என்பதை எவரும் பார்க்கலாம். சில பொறியாளர்கள் நேர்மையாக ‘வேலிடிட்டி ரோலப்’ என்றே அழைக்கிறார்கள். அப்பெயர் சந்தையில் விலைபோகாது போலும்.

பெயர்தானே, போகட்டும் என்பீர்கள். ‘நிரூபணம்’ என்ற சொல்லும் அதே கதிக்கு ஆளாகியிருக்கிறதே! 2024 ஜூன் 2 அன்று, வெலோகோர் என்ற பரிமாற்றகத்தின் ஒப்பந்தத்திலிருந்த பிழையைக் கொண்டு, லினியா முதலிய ரோலப்களில் பல லட்சம் டாலர்கள் களவாடப்பட்டன. சான்றுமுறைக்கு அதில் ஆட்சேபமில்லை. எழுதியபடி நிரல் இயங்கிற்றா என்பதொன்றே அதன் கவலை. எழுதியது சரியா என்று அது கேட்பதில்லை. லினியாவை நடத்திய குழு, புதிய பிளாக்குகள் உருவாவதையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிறுத்தி, களவாடியவரின் முகவரிகளையும் தடுத்தது. திருடனை மறித்தது குற்றமா என்று கேட்கிறார்கள். குற்றமென்று நாமும் சொல்லவில்லை. ஆனால் ‘எவரையும் நம்பவேண்டியதில்லை, கணிதமே காவல்’ என்ற விளம்பரம் அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று? பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சீக்வென்ஸர் அன்று ஒரே குழுவின் கையிலிருந்தது. எவரை வரிசையில் சேர்ப்பது, எவரை வெளியே நிறுத்துவது என்பது பற்றிச் சான்று வாய் திறப்பதில்லை. பரவலாக்குவதே தம் இலக்கென்று அக்குழு அப்போது விளக்கமளித்தது.

எந்த ரோலப்பில் பணமிடச் சொன்னாலும் நண்பர்கள் கேட்கவேண்டியவை சில உண்டு. சீக்வென்ஸர் யார் கையில்? அவர் சேர்க்க மறுத்தால் எத்தீரியத்தின் வழியாக நம் பரிவர்த்தனையைக் கட்டாயமாக நுழைக்க முடியுமா? சான்றைச் சரிபார்க்கும் ஒப்பந்தத்தையே மாற்றிவிடக்கூடிய சாவிகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன, மாற்றுமுன் நமக்கு எத்தனை நாள் அவகாசம்?