என்.எச்.10: அச்சம் யாருடையது?

நகரத்து இளம் தம்பதி. நல்ல சம்பளம், நல்ல கார். விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வழி தவறுகிறது. உதவிக்கு யாரும் இல்லை. பெயர் தெரியாத ஊர், துரத்தும் மனிதர்கள், ரத்தம். ஹாலிவுட்டில் அரை நூற்றாண்டாக ஓடும் இந்தத் திரில்லர் வாய்பாட்டை இந்திய மண்ணுக்குக் கொண்டுவந்த படங்களில் முக்கியமானது, நவ்தீப் சிங் இயக்கி 2015 மார்ச் 13 அன்று வெளியான 'என்.எச்.10' என்ற இந்திப் படம். ஆணவக்கொலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் மாணவத் தோழர்கள் இந்தப் படத்தைப் பரிந்துரைக்கிறார்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் அது யாருடைய அச்சத்தைக் காட்டுகிறது, யாருடைய அச்சத்தை மறைக்கிறது என்று கேட்டுக்கொண்டே பாருங்கள் என்கிறோம்.

கதை இதுதான். குர்கானில் வேலை பார்க்கும் மீராவும் (அனுஷ்கா சர்மா) அவள் கணவன் அர்ஜுனும் (நீல் பூபாலம்) ஹரியானா வழியாகப் பயணம் போகிறார்கள். சாலையோர தாபாவில் ஓர் இளம் ஜோடியைப் பெண்ணின் அண்ணனும் உறவினரும் அடித்து இழுத்துச் செல்கிறார்கள். தடுக்கப் போன அர்ஜுனுக்கு அறை விழுகிறது. அந்த அவமானம் பொறுக்காமல் அவர்களைப் பின்தொடர்கிறான். கொலையைக் கண்ணால் காண்கிறார்கள். அதன்பின் வேட்டை தொடங்குகிறது.

படம் சரியாகச் சொல்லும் விஷயங்களை நாம் மறுக்க வேண்டியதில்லை. கொலை செய்பவர்கள் கூலிப்படை அல்ல, குடும்பம். ஊர்த் தலைவியாக இருப்பவரே (தீப்தி நாவல்) செத்துப்போன பெண்ணின் தாய். சாதியின் கட்டளையைப் பெண்ணே முன்னின்று நிறைவேற்றுவதைத் தயங்காமல் காட்டுகிறது. உதவி கேட்டு வந்தவளிடம் காவல் அதிகாரி சாதியைப் பற்றிப் பேசுவதையும் காட்டுகிறது. இவை நாம் அறிந்த உண்மைகள்.

சிக்கல் அந்தக் காவல் அதிகாரியின் வாயில் வரும் இன்னொரு பேச்சில் இருக்கிறது. குர்கானின் கடைசி ஷாப்பிங் மால் எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் ஜனநாயகமும் அரசியல் சட்டமும் முடிந்துவிடுகின்றன என்ற பொருளில் அவர் பேசுகிறார். படத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற வசனம் அது. படத்தின் பெரிய பொய்யும் அதுதான். இந்த வசனத்தை நம்பினால் சாதி என்பது மின்சாரமும் தண்ணீரும் எட்டாத இடத்தில் முளைக்கும் காட்டுமிராண்டித்தனம் ஆகிவிடுகிறது. மாலுக்கு உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் குவளை வைத்திருப்பவரும், வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரின் குடும்பப் பெயரைத் துருவுபவரும், மணமகன் தேவை விளம்பரத்தில் சாதியை முதல் வரியில் போடுபவரும் திரையரங்கில் மீராவோடு சேர்ந்து பயப்படலாம். அந்த ஊரைப் பார்த்து முகம் சுளிக்கலாம். சாதியின் சாரமே அகமணம்தான் என்று 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே அண்ணல் அம்பேத்கர் காட்டிவிட்டார். அகமணத்துக்குக் கடைசி மால் எல்லை அல்ல.

சட்டம் எட்டாத இடத்தில்தான் கொலை நடக்கிறதா? அதே ஹரியானாவின் பதிவுகளைப் பார்ப்போம்.

2002 அக்டோபர் 15. ஜஜ்ஜர் அருகே துலினா. தோல் ஏற்றிக்கொண்டு சாலையில் வந்த ஐந்து தலித்துகள், பசுவைக் கொன்றார்கள் என்ற வதந்தியின் பேரில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். எங்கே? காவல் சாவடியில். காவலர்கள் இருக்கும்போதே. வழியில் மடக்கப்பட்ட பயணிகள் பற்றிப் படம் எடுக்க வேண்டுமானால் கதை அங்கே கிடக்கிறது. அந்த ஐவருக்காக எந்தத் திரில்லரும் எழுதப்படவில்லை.

2007 ஜூன். கைத்தல் மாவட்டம் கரோரா கிராமத்தில் ஒரே கோத்திரத்தில் மணம் செய்துகொண்டதாகக் காப் பஞ்சாயத்தால் ஒதுக்கப்பட்ட ஜாட் தம்பதி, நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்புக்கு வந்த காவலர்கள் பாதி வழியில் கழன்றுகொண்டார்கள். பேருந்தில் ஏறிய இருவரையும் பெண்ணின் உறவினர்கள் வழிமறித்து இறக்கிக் கொன்றார்கள். உடல்கள் கால்வாயில் கிடைத்தன. 2010 மார்ச்சில் கர்னால் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை.

இரண்டு இடத்திலும் அரசு இருந்தது. சட்டம் வந்து சேராமல் போகவில்லை. வந்தது, நின்றது, பார்த்தது, விலகிக்கொண்டது. 'அங்கே சட்டம் இல்லை' என்பது ஆறுதல் தரும் பேச்சு. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் எந்தச் சாதியின் பக்கம் நின்றார் என்பதே சங்கடமான கேள்வி. படம் ஆறுதலைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது பயணிக்கு வருவோம். தெரியாத ஊரில் இரவில் மாட்டிக்கொள்ளும் பயணியின் கதை நமக்குப் புதிதா? 1901-இல் சிறுவன் பீமராவ் தன் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைக் காண ரயிலேறினான். மசூர் நிலையத்தில் அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைக் கண்டு முதலில் பரிவோடு பேசிய நிலைய அதிகாரி, அவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகினார். இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகே ஒரு வண்டிக்காரர் இசைந்தார்; அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், அவர் இறங்கி நடந்து வருவார் என்ற ஏற்பாட்டில். கட்டுச்சோறு கையில் இருந்தும் குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லாததால் பசியோடு படுத்தார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் அறியப்படும் அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகள் இந்தப் பயணத்தில்தான் தொடங்குகின்றன.

மீராவுக்கு அந்த ஓர் இரவு மட்டும் ஊர் அந்நியமானது. நம் மக்களுக்குத் தாங்கள் பிறந்த ஊரே அந்நியம். மீராவிடம் கார் இருந்தது. விடிந்தால் திரும்பிப் போக குர்கான் இருந்தது. படத்துக்குப் பெயர் கொடுத்த பழைய பத்தாம் எண் நெடுஞ்சாலை போகும் அதே ஹிசார் மாவட்டத்தில் மிர்ச்பூர் இருக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று அங்கே வால்மீகிகளின் வீடுகளை ஆதிக்கச் சாதிக் கும்பல் கொளுத்தியது. ஒரு முதியவரும் நடக்க இயலாத அவர் மகளும் எரிந்து இறந்தார்கள். ஊரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் 254 என்று டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. கீழமை நீதிமன்றம் 15 பேரை மட்டுமே குற்றவாளிகள் என்றது. விடுவிக்கப்பட்டவர்களில் மேலும் 20 பேரை உயர்நீதிமன்றம் தண்டித்தபோது 2018 ஆகஸ்ட் ஆகியிருந்தது. எட்டு ஆண்டுகள்! இந்தக் குடும்பங்களின் அச்சத்தைப் பின்னணி இசையோடு இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட முடியாது.

ஹரியானாவைக் காட்டி நாம் தப்பிக்கவும் முடியாது. 'என்.எச்.10' வெளியாகிச் சரியாக ஓராண்டு கழித்து, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒதுக்குப்புறமான ஊர் இல்லை, இருட்டு இல்லை. சுற்றிலும் கடைகள், மக்கள், பதிவு செய்துகொண்டிருந்த கேமரா. வழிதவறிய கார் தேவைப்படவில்லை. கடைத்தெருவே போதுமானதாக இருந்தது.

படத்தின் முடிவையும் கேள்வி கேட்க வேண்டும். கணவனை இழந்த மீரா இரும்புத் தடியை எடுக்கிறாள், கொலைகாரர்களைத் தீர்த்துக்கட்டுகிறாள். கைதட்டல். அந்த நொடியில் படம் தொடங்கக் காரணமான ஜோடி மறக்கப்படுகிறது. அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், எங்கே வாழ நினைத்தார்கள் என்று படம் சொல்லவே இல்லை. நகரத்துத் தம்பதியைச் சிக்கலில் மாட்டிவிடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஓடிவந்த மீராவை ஒளித்து வைக்கும் ஏழைப் புலம்பெயர் தம்பதியும் அப்படித்தான். எல்லாவற்றையும் பணயம் வைத்து உதவியவர்கள் ஒரு காட்சியோடு காணாமல் போகிறார்கள். பழிவாங்கல் பார்வையாளருக்குத் திருப்தி தரும். முதல் தகவல் அறிக்கை, சாட்சிப் பாதுகாப்பு, அரசு வழக்கறிஞர் நியமனம், பிறழ் சாட்சி, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறும் குடும்பத்துக்கு அது எதையும் தராது.

தோழர்களே, இந்தப் படத்தைத் திரையிடுங்கள். முடிந்தவுடன் விளக்கைப் போட்டு மூன்று கேள்விகளை முன்வையுங்கள். கொல்லப்பட்ட ஜோடியின் பக்கமிருந்து இந்தக் கதையைச் சொன்னால் எப்படி இருக்கும்? காவல்துறை சொன்னதை நாம் ஏன் உண்மை என்று ஏற்றோம்? நம் வீட்டில் நமக்குப் பேசப்படும் திருமணத்தில் சாதி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

பிறகு சட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். திருமணச் சுதந்திரத்தில் தலையிடும் சாதிக் கூட்டங்களைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 242-ஆவது அறிக்கை 2012-இலேயே பரிந்துரைத்தது. சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தடுப்பு நடவடிக்கை, மாவட்டத்துக்குச் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்று விரிவான கட்டளைகள் இட்டது. உங்கள் மாவட்டத்தில் அந்தச் சிறப்புப் பிரிவு இயங்குகிறதா, பாதுகாப்பு இல்லம் எங்கே இருக்கிறது, கடந்த ஓராண்டில் எத்தனை ஜோடிகள் அங்கே தங்கினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். இன்றிரவும் எங்கோ ஒரு பேருந்து நிலையத்தில் ஒரு ஜோடி நின்றுகொண்டிருக்கும். அவர்கள் போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் நம் முன்னால் இருக்கும் கேள்வி.